வண்டிக் கொட்டகை

பிரமோதூத வருஷத்து ஐப்பசியில் வேகவதிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. வருஷத்தில் பத்து மாதம் ஆடு மேய்கிற மணல்வெளி அது. ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான். அந்த வருஷம் ஆறு நாள் விடாமல் அடித்த மழையில் மேற்கே எந்த ஏரி உடைந்ததோ தெரியவில்லை, ஒரு விடியற்காலையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் முழங்கால் தண்ணீர். காக்கை கரைகிற நேரத்துக்கு இடுப்பளவு ஆகிவிட்டது. நெசவுக்காரன் வீட்டில் தண்ணீர் முதலில் இறங்குகிற இடம் தறிக்குழி. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கிற அந்தக் குழி நிரம்பிவிட்டால் அப்புறம் வீட்டில் காப்பாற்ற என்ன இருக்கிறது? சனங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள்.

கையில் அகப்பட்டது என்றா சொன்னேன்? சுத்தப் பொய். நெசவுக்காரன் கையில் முதலில் அகப்படுவது, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டின பாவுதான். வீரபாகுவும் அதைத்தான் செய்தான். தறியில் கட்டியிருந்த பட்டுப் பாவை அறுத்துச் சுருட்டித் தலைமேல் வைத்துக்கொண்டான். அது நனையக் கூடாதே என்று, வீட்டில் மூலையில் மடித்துக் கிடந்த பழம்புடவை அத்தனையையும் அதன்மேல் சுற்றினான். நைந்து மெத்தென்று ஆகிப்போன நூல்புடவைகள். எதற்காக அதையெல்லாம் பெண்டாட்டி எறியாமல் மடித்து வைத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. பதினைந்து வருஷம் குடித்தனம் பண்ணினவன், தெரியாது. அவனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்? அந்தத் தெருவில் எந்த ஆம்பிளைக்கும் யாரும் சொன்னதில்லை.

மேட்டில் இருந்தது கல்சத்திரம். உற்சவத்துக்கு வருகிற யாத்ரீகர்களுக்காக எந்தக் காலத்திலோ கட்டியது. அதில் அப்போது நூற்றிருபது பேர். முற்றத்தில் சின்னதாக ஒரு முருகர் சந்நிதி, பக்கத்தில் கோட்டை அடுப்பு, அதன்மேல் ஆளுயரத்துக்குப் பாதி அண்டா. கேவுரு மாவும் நொய்யும் போட்டுக் கூழ் காய்ச்சுவார்கள், இரண்டு வேளைக்கு. விறகு ஈரம், அடுப்பு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். குழந்தைகளெல்லாம் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, கூழ் எப்போது வெந்து இறங்கும் என்று அண்டாவையே பார்த்துக்கொண்டு கிடந்தன.

அந்த அண்டாவுக்கு ராணி காமாட்சியம்மாள். வீரபாகுவின் அக்காள், ஐம்பத்திரண்டு வயது. புருஷன் ரங்கூனுக்குப் போய்ப் பதினாலு வருஷம் ஆயிற்று. கழுத்தில் தாலி இருந்தது, ஆள் இல்லை, கடிதாசியும் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. துடுப்பைக் கையில் பிடித்தாளானால் நூறு பேருக்குக் கட்டி தட்டாமல் கிண்டி இறக்குவாள். நாக்கும் துடுப்பைப் போலவே நீளம். மடி, ஆசாரம், தீட்டு என்று வந்துவிட்டால் சத்திரத்து மணியக்காரர் பஞ்சாட்சரத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். சாமி இருக்கிற இடம், அதனால் வீட்டுக்குத் தூரமான பெண்கள் சத்திரத்துக்குள் இருக்கக் கூடாது, பின்னால் தோட்டத்தைத் தாண்டி வண்டிக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும் என்று அவர் ஒரு தடவைதான் சொன்னார். அதை நடத்திக்காட்டினது இவள்தான். வந்த இரண்டாம் நாளே, பூங்காவனம் என்கிற பதினெட்டு வயசுப் பெண் முகம் வெளுத்துச் சுவரோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "எழுந்து பின்னால போடி, அண்டாவண்டை இன்னா உக்காந்துக்கினு இருக்கே" என்று கிளப்பி அனுப்பினாள். பூங்காவனம் தன் மாமியாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கொட்டகைக்குக் கதவு கிடையாது. மூன்று பக்கம் அரைச்சுவர், மேலே ஓலை. பக்கத்திலேயே வைக்கோல் அறை. ஊர்ப் பெரியமனுஷர்கள் சேர்ந்து கொடுத்த நொய்யையும் மாவையும் வண்டியில் கொண்டுவந்து அளந்து போடுகிற குமாரசாமி மேஸ்திரி அந்த அறையில்தான் தங்கியிருந்தான். நாற்பது வயது இருக்கும். வாயில் வெற்றிலை, கையில் குடை, எல்லாரையும் "அம்மா, தாயி" என்றுதான் கூப்பிடுவான். படியில் தலைதட்டாமல் அளப்பான். அதனால் அவனை எல்லாருக்கும் பிடித்திருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் பூங்காவனம் கொட்டகையிலிருந்து திரும்பி வந்தாள். கிணற்றடியில் தலை முழுகினாள். முழுகினாள், முழுகினாள், குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்தான், கூழ் வேண்டாம் என்றுவிட்டாள். மேஸ்திரி முற்றத்தில் வந்து நின்றால் அவள் முதுகு விறைத்துக்கொள்வதை வீரபாகுவின் பெண்டாட்டி நீலாம்பாள் பார்த்தாள். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. பெண்களுக்கு இதெல்லாம் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ன?

ஆறாம் நாள் காலை. மழை சற்றே விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நீலாம்பாளின் மகள் கமலாட்சி, பதின்மூன்று வயது, கிணற்றடியில் நின்றுகொண்டு "அம்மா" என்றாள். கூப்பிட்ட மாதிரியே ஒரு தினுசு.

"இன்னாடி?"

"எங்கியோ அடிபட்டுக்கினேம்மா. எங்கன்னு தெரியல. பாவாடையெல்லாம்..."

நீலாம்பாள் பார்த்தாள். பெற்றவளுக்கு அந்த நிமிஷத்தில் எப்படி இருக்க வேண்டும்? பெண்ணைக் கட்டிக்கொண்டு நெட்டி முறிக்க வேண்டாமா? அவள் முதலில் வைக்கோல் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மகளின் வாயைப் பொத்தினாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள் பெண்.

"சொல்லாதே. அத்தைகிட்டகூடச் சொல்லாதே. ஒண்ணும் அடி இல்லை, பயப்படாதே. எல்லாருக்கும் வர்றதுதான். இந்தக் கல்லு மேல உக்காரு, நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

துணி வேண்டும். மாற்றிக்கொள்ள ஒரு நூல் கிடையாது. நீலாம்பாள் கட்டியிருந்ததே ஒற்றைப் புடவை, அதுவும் ஆறு நாளாக ஈரம். வீரபாகு உள்ளே ஒரு மூலையில், தண்ணீர் சொட்டாத இடமாகப் பார்த்து, பாவு மூட்டையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெற்ற பிள்ளையைக்கூட அவன் அப்படி வைத்துக்கொண்டதில்லை.

"அதுலர்ந்து ரெண்டு துணி குடுங்க."

"எதுலர்ந்து?"

"பாவு மேல சுத்தியிருக்கீங்களே, அதுலர்ந்து."

"நல்லா இருக்குதே! ஈரக் காத்து அடிச்சிக்கினு இருக்குது. பட்டுல ஈரம் ஏறிச்சின்னா இழையோட இழை ஒட்டிக்கும் நீலா. நாலாயிரம் இழை. அப்பால எந்த மகராசன் வந்து பிரிப்பான்?"

"கொழந்தைக்கு வோணும்."

"குளுருதாமா? என் துண்ட எடுத்துக்கினு போயேன்."

"குளுரு இல்லை."

"பின்ன இன்னா?"

நீலாம்பாளுக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தம் போடவும் முடியாத கோபம். அவன் காதருகில் குனிந்தாள்.

"மாசத்துல மூணு நாளு பின்கட்டுல நான் எதை வச்சிக்கினு உக்காந்திருந்தேன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க? காத்தையா? வூட்ல இருந்த பழந்துணி மொத்தத்தையும் பட்டுக்குச் சுத்திட்டீங்க. இப்போ உங்க பொண்ணு கல்லு மேல உக்காந்திருக்கா, எழுந்திரிக்க முடியாம."

வீரபாகு சற்று நேரம் எதிரே இருந்த தூணைப் பார்த்தான். அவனுக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. பிறகு மூட்டையின் முடிச்சை அவிழ்த்தான். விரலால் தடவிப் பார்த்து, எல்லாவற்றிலும் மெத்தென்று இருந்ததாக ஒன்றை உருவினான். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மிச்சத்தையும்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"பாவு?"

"நனைஞ்சா நனையட்டும், போ."

நீலாம்பாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துணிகளை மாராப்புக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள். நல்ல மனுஷன்தான், சொன்னால்தான் புரியும், அவ்வளவுதான்.

கிணற்றடியில் அவளுக்கு முன்னால் காமாட்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அரிசி களைகிற கூடையை இடுப்பில் வைத்தபடி கமலாட்சியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நீலா, இந்தப் பொண்ணு எழுந்திரின்னா எழுந்திரிக்க மாட்டேங்குது?"

"ஒண்ணுமில்லை அண்ணி. வயித்து வலி."

"மாராப்புல இன்னா?"

"ஒண்ணுமில்லை."

காமாட்சியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். அவளிடமா ஒளிக்க முடியும்? அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அந்த முகத்தை நீலாம்பாள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை.

"அடி என் கண்ணு! என் தம்பி வூட்டுக்கு மகாலட்சுமி வந்திருக்கா, நீ இன்னாடி திருட்டு நகை மாதிரி ஒளிக்கிறே?"

"அண்ணி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். வெளியில சொல்லாதீங்க. தண்ணி வடிஞ்சி வூட்டுக்குப் போனப்புறம் சொல்லிக்கலாம்."

"இன்னா பேச்சு பேசறே? இதைப் போயி மூடி வைப்பாங்களா? பொண்ணுக்கு ஆவாதுடி. நம்ம தெருவுல எந்தப் பொண்ணுக்காவது இப்படி ஆயிருக்குதா? சொன்ன நாழிக்கு ஒம்போது வூட்லர்ந்து புட்டுத் தட்டு வரும். வெள்ளம் வந்தா? வெள்ளத்துக்காகப் பொண்ணு சமையறதை நிறுத்தி வைக்குமா?"

"அண்ணி, கொட்டகை..."

"கொட்டகைக்கு இன்னா? மேல ஓலை இருக்குது, கீழ வைக்கோல் இருக்குது. நாலு நாளு உக்காந்துட்டு வரட்டும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. பிள்ளையில்லாதவள்; அவள் வீட்டுப் பெண் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். பத்து நிமிஷத்தில் சத்திரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதோடு விட்டாளா? களி கிண்ட வேண்டும், வெல்லம் வேண்டும், நல்லெண்ணெயும் கறுப்பு உளுந்தும் வேண்டும் என்று நேரே மேஸ்திரியிடம் போய் நின்றாள். சத்திரத்தில் அவனைத் தவிர யாரிடம் வெல்லம் இருந்தது?

மேஸ்திரி சிரித்துக்கொண்டே அரை வீசை வெல்லம் நிறுத்தான்.

"யாரு தாயி, அந்த ரெட்டைச்சடைப் பொண்ணா?"

"ஆமா, எந்தம்பி மகதான்."

"நல்லா இருக்கட்டும். பின்னால மழைச்சாரல் அடிக்குது. நான் புதுசா வைக்கோல் போட்டு எடம் பண்ணி வைக்கிறேன். நாம பாத்துக்க மாட்டோமா?"

எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று காமாட்சியம்மாள் வந்து எல்லாரிடமும் சொன்னாள். நீலாம்பாள் அதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் கத்தி பட்டது.

மத்தியானம் மணியக்காரர் பஞ்சாட்சரம் வந்தார். பட்டை பட்டையாகத் திருநீறு, நனையாத வேட்டி. கெட்டவர் இல்லை. வெள்ளம் வந்த அன்று சத்திரத்துக் கதவைத் திறந்துவிட்டவரே அவர்தான்.

"சந்தோஷமான சேதிதாம்மா. ஆனா சாயந்தரம் சந்நிதியில வெளக்கு வைக்கிறதுக்குள்ள பொண்ணு பின்னால போயிடணும். சொல்லிட்டேன்."

"நான் கொட்டகை வாசல்ல படுத்துக்கறேன் மணியக்காரரே" என்றான் வீரபாகு.

காமாட்சியம்மாள் அண்டாவண்டையிலிருந்தே கத்தினாள்: "அறிவு இருக்குதாடா உனக்கு? தண்ணி ஊத்தற வரைக்கும் அப்பன் மூஞ்சியில அவ முழிக்கலாமா? ஆம்பளை யாரும் அந்தப் பக்கம் தலைவச்சிப் படுக்கக் கூடாது."

வீரபாகு உட்கார்ந்துவிட்டான். பாருங்கள் அழகை! பெற்ற தகப்பன் அந்தப் பக்கம் போகக் கூடாது, எவனோ ஒரு மேஸ்திரி கொட்டகைச் சுவருக்கு அடுத்தே குடியிருக்கலாம். இதை அன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது அப்படித்தான் என்று பட்டது.

"நான் கூடப் போறேன்" என்றாள் நீலாம்பாள்.

அப்புறம் அவள் பாத்திரம் கழுவப் போனபோது பின்னாலேயே யாரோ வந்து நின்றார்கள். திரும்பினால் பூங்காவனம். உதடு வெடித்திருந்தது.

"அக்கா, நீங்க ஒருத்தி போனா பத்தாது."

நீலாம்பாள் கழுவுகிறதை நிறுத்தினாள்.

"எங்க மாமியாரும் கூடத்தான் இருந்தாங்க. பொழுது போற நேரத்துல வந்தான். நொய்யி அளந்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோம்மான்னு அவங்களைக் கூப்டான். அவங்க போனாங்க. அவனோட வண்டிக்காரன் அங்க அளந்துக்கினே இருந்தானாம், ஒரு படி, கொட்டிட்டு மறுபடியும் ஒரு படி. இவன் இங்க வந்துட்டான். கத்தினேங்கா. மழையில யாருக்குக் கேக்கும்?"

நீலாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாத்திரம் தேய்த்த சாம்பல் கையோடேயே.

"மாமியார்கிட்ட சொன்னியாடி?"

"சொன்னேன். வாய மூடுன்னாங்க. எங்கூட்டுக்காரர் காதுல வுழுந்தா தள்ளி வச்சிடுவாராம். மிச்ச ரெண்டு நாளும் அவங்க முந்தானையை எங்கையில சுத்திக்கினே கெடந்தேன். இன்னும் ரத்தம் நிக்கலக்கா. முழுகிட்டேன், ஆனா நிக்கல. இது அந்த ரத்தம் இல்லை."

"ஐயோ, தெய்வமே."

"பொண்ண அனுப்பாதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய்த் தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நீலாம்பாள் தன்னிடமிருந்த பழந்துணியில் பாதியைக் கிழித்துக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்துவிட்டு வந்தாள்.

சாயந்தரக் கூழ் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. காமாட்சியம்மாள் இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். கேவுருக் கூழுக்கு ஒரு குணம், ஒரு நிமிஷம் விட்டால் அடியில் பிடித்துக்கொள்ளும். நீலாம்பாள் அவள் பக்கத்தில் போய், விறகைத் தள்ளுகிற மாதிரி குந்தி உட்கார்ந்து, பூங்காவனம் சொன்னதை அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"பொய் சொல்றா" என்றாள் காமாட்சியம்மாள். துடுப்பு நிற்கவில்லை.

நீலாம்பாள் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"என்னிக்கு?"

"நீங்க அனுப்பின அன்னிக்கே."

துடுப்பு இரண்டு சுற்றுச் சுற்றிற்று. மூன்றாவது சுற்று மெதுவாக. அப்புறம் நின்றுவிட்டது. கூழ் பொக்கென்று குமிழிவிட்டு அவள் மணிக்கட்டில் தெறித்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அடியில் பிடிக்கிற வாசனை வந்தது.

"அண்ணி, கூழு."

"தெரியுது. நீ போ. பொண்ணுக்குத் தலை வாரி விடு."

மறுபடியும் துடுப்பைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். இவளிடம் போய்ச் சொன்னோமே என்று நீலாம்பாளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கமலாட்சிக்குத் தலை வாரினாள். சடை கோணலாக வந்தது. "அம்மா, எத்தினி நாளு அங்க இருக்கணும்?" என்று பெண் கேட்டாள். "நாலு நாளு." "அங்க பாம்பு வருமா?" "நான் கூட இருக்கேன்டி." அரிவாள்மணை ஒன்று கிடைக்குமா என்று கண்ணால் தேடிக்கொண்டே அவள் பின்னி முடித்தாள்.

வானம் மூடிக்கொண்டு வந்தது. மறுபடியும் மழை. பஞ்சாட்சரம் எண்ணெய்க் கிண்ணத்தோடும் திரியோடும் சந்நிதிக்கு வந்தார். தோட்டத்துக் கதவண்டை மேஸ்திரி குடையை விரித்தபடி வந்து நின்றான்.

"வைக்கோல் போட்டாச்சு தாயி. மழை வலுக்கறதுக்குள்ள வந்துட்டா நல்லது" என்றான்.

முற்றத்தில் பிள்ளைகள் தட்டும் கொட்டாங்கச்சியுமாக வரிசையில் உட்கார்ந்தாகிவிட்டது. நீலாம்பாள் பெண்ணின் தலையில் துணியைப் போர்த்தி, தோளை அணைத்துக்கொண்டு நடந்தாள். முற்றத்தைத் தாண்டப் பதினைந்து அடி இருக்குமா? அவள் ஒவ்வொரு அடியாக எண்ணி வைத்தாள். வீரபாகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மகள் முகத்தைப் பார்க்கக் கூடாதே. அவன் தோள் குலுங்கிற்று.

"மணியக்காரரே."

காமாட்சியம்மாள்தான். அண்டா முன்னால், துடுப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"வெளக்கு வைக்காதீங்க. எனக்கும் தூரம்."

பஞ்சாட்சரத்துக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ. "இன்னா?" என்றார்.

"வூட்டுக்குத் தூரம்னு சொன்னேன். கேட்டுதா?"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டாள்.

"விளையாட்டா காமாட்சியம்மா? உனக்கு அம்பது வயசுக்கு மேல ஆவுது."

"ஆவட்டுமே. நீங்க எதுன்னா பஞ்சாங்கத்துல குறிச்சி வச்சிக்கினு இருக்கீங்களா?"

"எப்பலர்ந்து?"

"மத்தியானத்துலர்ந்து."

பஞ்சாட்சரம் அண்டாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் அண்டாவைப் பார்த்தார்.

"மத்தியானத்துலர்ந்து அண்டா உங்கையிலதானே இருக்குது?"

"ஆமா. நொய்யி களைஞ்சது நானு. மாவு கரைச்சி ஊத்தினது நானு. உப்பு போட்டது நானு. துடுப்பு இன்னும் எங்கையிலதான் இருக்குது, பாருங்க." ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "தீட்டுன்னா இதுவும் தீட்டு. கொண்டுபோயி வேகவதியில கொட்டுங்க."

காலைக் கூழுக்கு அப்புறம் யார் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வந்த மாவு அவ்வளவுதான், இனி மறுநாள் வண்டி வந்தால் உண்டு. ஒரு குழந்தை கொட்டாங்கச்சியைத் தரையில் தட்டிக்கொண்டு "கூழு, கூழு" என்றது. அதன் தாய் எழுந்து நின்றாள்.

"எனக்கும் தூரம் மணியக்காரரே. தண்ணி மொண்டு ஊத்தினது நான்தான்."

அப்புறம் விறகு வைத்தவள் எழுந்தாள். அப்புறம் வெங்காயம் நறுக்கின மூன்று பேரும். ஒருத்திக்கு நிறைமாதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவளும் "எனக்கும்" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பூங்காவனத்தின் கதை அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், எத்தனை பேர் முன்னமே ஊகித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள், அதெல்லாம் எனக்குத் தெரியாது. எழுந்தது பதினேழு பேர்.

"இதென்ன அக்கிரமம்!" பஞ்சாட்சரம் கையை நீட்டிச் சந்நிதியைக் காட்டினார். "சாமி சந்நிதிம்மா இது."

"சாமிக்குத் தெரியும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அண்டாவுக்குத் தீட்டு இல்லேன்னா என் தம்பி பொண்ணுக்கும் இல்லை. இருக்குதுன்னா நாங்க அத்தினி பேரும் கொட்டகைக்குப் போறோம், நீங்க கூழைக் கொட்டிட்டு இந்தப் பசங்களுக்குப் பதில் சொல்லுங்க. கொட்டகையில எங்களைப் பாத்துக்கறதுக்கு மேஸ்திரி இருக்காரு. நல்லாப் பாத்துக்குவாராம். கேட்டுப் பாருங்க, எப்படிப் பாத்துக்குவாருன்னு."

இதைச் சொல்லும்போது அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். பதினேழு பேரும் பார்த்தார்கள். அவன் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். "நான் இன்னா பண்ணேன் தாயி" என்று ஆரம்பித்தான். ஒருத்தரும் ஒன்றும் கேட்காதபோதே அப்படி ஆரம்பித்தான். பஞ்சாட்சரம் முட்டாள் இல்லை. அவர் அவனை வெகுநேரம் பார்த்தார். கிண்ணத்திலிருந்த எண்ணெய் சிந்தி அவர் வேட்டியில் ஒழுகிற்று.

பிறகு அவர் சந்நிதிக்குப் போனார். உள்ளே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கதவு இரண்டையும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"தண்ணி வடியற வரைக்கும் நடை சாத்தியிருக்கும்" என்றார், கதவைப் பார்த்தபடியே. "சத்திரத்துக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு நான் பாக்கல. கூழை ஊத்துங்க."

வீரபாகு எழுந்தான். பாவைத் தரையில் அப்படியே போட்டுவிட்டு, மகள் பக்கம் திரும்பாமல் சுவரோரமாகவே நடந்து தோட்டத்துக் கதவண்டை போனான். "இனிமே மூட்டையை வாசல்லயே எறக்கிட்டுப் போ. நாங்களே அளந்துக்கறோம்" என்று மேஸ்திரியிடம் சொல்லிக் கதவைச் சாத்தினான். இன்னும் நாலு நெசவுக்காரர்கள் வந்து அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். மேஸ்திரியை அடித்து நொறுக்கினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். யாரும் தொடவில்லை. மறுநாள் மாவு அவன் வண்டியில்தான் வர வேண்டும்.

பெண்கள் உள்கூடத்தில் ஒரு மூலையை ஒழித்து, இரண்டு புடவையைத் திரையாகக் கட்டிக் கமலாட்சியை உட்கார வைத்தார்கள். நீலாம்பாள் மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இத்தனை நேரமும் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா, வெல்லம் இருக்குதுன்னு சொன்னாங்களே" என்றாள். காமாட்சியம்மாள் அந்த வெல்லத்தை எடுத்துச் சாக்கடையில் எறிந்துவிட்டிருந்தாள்.

கூழ் அடிபிடித்துத்தான் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. காமாட்சியம்மாள் வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தாள். எல்லாரும் அவளை வேறு மாதிரி பார்த்தார்கள். ஒருத்தி அவள் முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைசியில் தூணுக்குப் பின்னால் வந்தாள். பூங்காவனத்தின் எதிரே காலிக் கிண்ணம் இருந்தது.

"ரெண்டு நாளா ஒண்ணும் துண்ணலயாமே. புடி."

பூங்காவனம் கிண்ணத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். குரல் எழும்பவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"நான் போன அன்னிக்கும் நீங்கதானே அண்டா கிண்டினீங்க?"

தெரியாதுடி என்று காமாட்சியம்மாள் சொல்லியிருக்கலாம். அது நிஜமும்கூட. நீலாம்பாள் அதை எதிர்பார்த்துத் திரைக்கு அந்தப் பக்கம் தலையைத் தூக்கினாள்.

"ஆமாண்டி" என்றாள் காமாட்சியம்மாள். "நான்தான் கிண்டினேன். உன்னை எழுப்பி அனுப்பினதும் நான்தான்."

அவள் அகப்பையை நீட்டியபடியே நின்றாள். பூங்காவனம் கையை எடுக்கவில்லை.